ஆப்பிளின் முதுகு

பழக்கடையின் முன்வரிசையில் பளபளவென்று உட்கார்ந்திருந்த ஆப்பிளுக்கு உள்ளுக்குள் ஒரே உதறல். மெழுகுப் பூச்சுக்கு அடியில் அதன் முதுகு அழுகத் தொடங்கியிருந்தது.

பையோடு ஒரு அம்மாள் வந்தாள். முதலில் பக்கத்துக் கொய்யாவை எடுத்தாள். அமுக்கினாள், முகர்ந்தாள், திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“செத்தேன், அடுத்தது நான்தான்” என்றது ஆப்பிள்.

“மூச்சு விடாம இரு” என்றது கொய்யா, அவள் கைக்குள்ளிருந்து.

விரல்கள் நெருங்கின. ஆப்பிள் கண்ணை இறுக மூடிக்கொண்டது.

அவள் அதைத் திருப்பவே இல்லை. அப்படியே எடுத்துப் பையில் போட்டாள்.

“பார்த்தியா என் பளபளப்பை!” என்று பெருமூச்சு விட்டது ஆப்பிள்.

பைக்கு வெளியே அவள் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “கொய்யாவைத் தனியாக் கட்டிக் குடுங்க, அது எங்க வீட்டுக்கு. ஆப்பிள், ஆஸ்பத்திரியில இருக்கற நாத்தனாருக்கு.”