உப்புத் தண்ணீர்

"இந்தம்மா வீட்டுக்காரரை எழுப்பக் கிட்டயே போக மாட்டாங்க. வாசப்படியில நின்னு மாப்புக் குச்சியால கட்டில் காலைத் தட்டுவாங்க."

ஆய்வை நடத்தும் பேராசிரியை மேடம் மைக்கில் இதைச் சொன்னபோது அவள் குனிந்து ஒயரைத் தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். டேப்பைக் கிழித்த கை அப்படியே நின்றது.

திரையில் 'திருமதி க' என்று இருந்தது. ஆய்வில் எல்லாக் குடும்பமும் ஓர் எழுத்துதான்.

பல்கலைக்கழகத்தின் களப்பணியாளர் அவள். படையிலிருந்து திரும்பியவர்களின் வீடுகளுக்குப் போவாள். அவர்களையும் அவர்கள் வீட்டாரையும் பேச வைப்பாள். "இங்க சொல்றது இந்த நாலு சுவத்தைத் தாண்டாதுக்கா" என்று வீட்டுக்கு வீடு சொன்ன வாய் அவளுடையது.

இன்று அந்தக் குடும்பங்களைக் கூட்டி வைத்து, ஆய்வில் தெரியவந்ததை அவர்களுக்கே சொல்லும் நாள்.

அரங்கத்தை அவள்தான் ஏற்பாடு செய்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் ஆள் இருந்தால் அவர்களுக்கு ஆகாது என்று நாற்காலிகளை எல்லாம் சுவரோரமாகப் போட்டிருந்தாள். கதவு அறைந்து சாத்தாமலிருக்க மடித்த துணியைச் செருகியிருந்தாள். வெடித்தால் வம்பு என்று பலூனைக்கூட வேண்டாம் என்றாள்.

கதவோர நாற்காலியில் இருந்தவர் காகிதக் கோப்பையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

எந்தக் கூட்டத்துக்கும் வராத மனிதர். மூன்று வருடமாகக் கெஞ்சியும் மசியாதவர். "ஒண்ணுமே கேக்க மாட்டாங்க, சும்மா வந்து உக்காருங்க" என்று அவள் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லி, இன்றுதான் முதல் தடவையாக வந்திருந்தார். அவர் வந்தால் மீசையை எடுத்துவிடுவதாக வேன் டிரைவர் பந்தயம் கட்டியிருந்தார்.

மேடம் தொடர்ந்தார். ஒரு நாள் தூக்கத்தில் அந்தக் கணவர் மனைவியின் கழுத்தைப் பிடித்துவிட்டாராம். எதிரி என்று நினைத்து. விடிந்ததும் அவருக்கு ஒன்றும் ஞாபகமில்லை. அந்தம்மாவுக்குக் குரலே எழும்பவில்லை. துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, தொண்டை வலி என்று சொல்லிவிட்டாராம்.

"பாவம் மனுஷன். ஒரு வாரம் வேளாவேளைக்கு உப்புத் தண்ணி சுட வச்சுக் கொப்பளிக்கக் குடுத்திருக்கார். அவருக்கு இன்னிக்கு வரைக்கும் விஷயம் தெரியாது."

கூட்டம் உச்சுக் கொட்டியது. எதிர்ச் சுவரோரம் இருந்த ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கதவோரத்தில் இருந்தவரின் கோப்பை வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

மேடத்துக்கு இது எப்படித் தெரிந்தது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஒரு மழை நாளில், மேடத்தின் காரில், வைப்பர் அடித்துக்கொண்டிருக்க, மூக்கைச் சிந்திச் சிந்திச் சொன்னது அவள்தான். வண்டியை ஓரங்கட்டிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது மேடம்தான்.

எல்லாவற்றையும் மேடம் மாற்றித்தான் இருந்தார். காலாட்படைக்காரர் பட்டாளத்து லாரி டிரைவராகியிருந்தார். ஒரு பையன் இரண்டு பெண்களாகியிருந்தான். உப்புத் தண்ணீரை மட்டும் தொடவில்லை. நன்றாக இருக்கிறதே என்று விட்டிருப்பார்.

யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தண்ணீரைச் சுட வைத்தவரைத் தவிர.

பேச்சை நிறுத்த வேண்டுமென்றால் கழுத்துக்குக் குறுக்கே விரலை இழுத்துக் காட்டுவது அவளுக்கும் மேடத்துக்கும் உள்ள ஏற்பாடு. கை கழுத்துவரை போனது. அங்கே தொட்டதும் கீழே விழுந்துவிட்டது.

அவர் கோப்பையைச் சிந்தாமல் நாற்காலிக்கு அடியில் வைத்தார். எழுந்தார். துணி செருகிய கதவு சத்தமே போடவில்லை.

மேடம் பேசி முடித்தார். கைதட்டினால் சிலருக்குத் தூக்கிவாரிப்போடும் என்பதால், எல்லாரும் கையைத் தூக்கி ஆட்டினார்கள். அதுவும் அவள் சொல்லிக்கொடுத்ததுதான்.

"எதுக்கு மேடம் அதைச் சொன்னீங்க?"

"எதை? ஓ... பேரு, வேலை, பிள்ளைங்க எல்லாத்தையும் மாத்திட்டேனேம்மா. யாருக்குத் தெரியப் போகுது?"

அவள் கதவோர நாற்காலியைப் பார்த்தாள். மேடமும் பார்த்தார். அடியில் பாதி டீ. மேடத்தின் முகத்திலிருந்து பேராசிரியை இறங்கிப்போனாள்.

"வந்திருந்தாரா? அவருதான் எங்கயும் வர மாட்டாரேன்னு..."

அந்த வாக்கியத்தை முடிக்காமல் இருக்க மேடத்துக்குத் தெரிந்திருந்தது. ஆனால் தெரியாமல் நடந்தது என்று அதுவரை அவளிடம் ஒட்டிக்கொண்டிருந்த நினைப்பும் அதோடு போயிற்று. ஆள் வர மாட்டார் என்று கணக்குப் போட்டுத்தான் மேடம் சொல்லியிருக்கிறார்.

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது.

"மீசை போச்சும்மா!" என்று டிரைவர் வேனிலிருந்து கத்தினார். "மனுஷன் வந்தே வந்துட்டாரு!"

அவள் சிரித்து வைத்தாள்.

வண்டி நிறுத்துமிடத்தின் கோடியில், அவள் ஸ்கூட்டருக்குச் சற்றுத் தள்ளி அவர் நின்றுகொண்டிருந்தார். காலையில் வீட்டிலிருந்து அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவர். இரண்டு ஹெல்மெட்டும் அவர் கையில் இருந்தன.

அவள் கிட்டே போகப் போக அவர் பின்னுக்கு நகர்ந்தார். பிறகு நின்று, கையை முழுசாக நீட்டி, அவளுடையதை மட்டும் கொடுத்தார்.

"தொண்டை இப்பப் பரவாயில்லையா?" என்று கேட்டார்.