நறுமுகையின் எண்ணெய்

பதினோராவது நிமிடத்தில் சோதனைக் கருவியின் திரையில் கோடு எழுந்தது.

அவள் நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துக்கொண்டாள். நான்கு வருடமாக அந்த இடத்தில் கோடு தரையோடு தரையாகப் படுத்தே கிடந்தது. இன்று நெட்டுக்குத்தாக நின்றது.

"இன்னொரு தடவை போட்டுப் பாரு," என்றாள்.

கூட வேலை பார்க்கும் சுபைதா மறுபடியும் ஒரு சொட்டைக் கருவிக்குள் செலுத்தினாள். இருவரும் திரையைப் பார்த்தபடி காத்திருந்தார்கள்.

அதே இடம். அதே உயரம்.

ஈஸ்ட் எண்ணெய் சுரந்துவிட்டது.

ரொட்டி மாவைப் பொங்க வைக்கிற அதே ஈஸ்ட்தான். அதன் மரபணுக்களில் சிலவற்றை வெட்டி, சிலவற்றைப் புதிதாகச் சேர்த்து, தின்கிற சர்க்கரையை இந்த ஓர் எண்ணெயாக மாற்றிக் கொடு என்று கெஞ்சாத குறையாக அதன் பின்னால் அலைந்திருந்தாள்.

சாப்பாடு இல்லாத நேரத்தில் மற்றவர்கள் உடம்பு கொழுப்பை எரித்துச் சமாளித்துக்கொள்ளும். அவள் மகள் நறுமுகைக்கு அது முடியாது. பிறவியிலேயே அதற்கான நொதி இல்லை. ஒரு வேளைச் சாப்பாடு தள்ளிப்போனால் கை கால் துவண்டுவிடும். இந்த எண்ணெயை மட்டும் அந்த உடம்பு ஏற்கும் என்றார்கள் மருத்துவர்கள். ஊரில் எங்கும் கிடைக்கவில்லை.

"அம்மாவே செஞ்சு தரேன்டி," என்று மகளிடம் சொல்லியிருந்தாள்.

ஆவணியில் ஒரு காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் இதயம் நின்றது.

ஆறு வயது.

காரியம் முடிந்த மறுநாளே அவள் ஆய்வகத்துக்கு வந்துவிட்டாள். வீட்டில் இருக்க முடியவில்லை. இங்கே குடுவைகளுக்காவது வேளாவேளைக்குச் சர்க்கரைக் கரைசல் ஊற்ற வேண்டியிருந்தது.

இப்போது திரையைப் பார்த்த சுபைதா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். பெற்றவளுக்கு அழுகை வரவில்லை.

கணவனை அழைத்துச் சொன்னாள்.

அவன் கேட்டது ஒன்றுதான்.

"எவ்வளவு வந்திருக்கு?"

"ஒரு ஸ்பூன் இருக்கும்."

அவன் போனை வைத்துவிட்டான்.

அப்புறம் செலினின் எண்ணைத் தேடினாள்.

செலின் மார்த்தாண்டத்துக்காரி. மருத்துவமனை வரிசையில் பழக்கமானவள். அவள் மகள் ஷைனிக்கு நான்கு வயது. அதே நோய். எதைக் கொடுத்தாய், எத்தனை மணிக்குக் கொடுத்தாய் என்று இருவரும் தினமும் பேசிக்கொள்வார்கள்.

நறுமுகை போன அன்று அழைத்து அழுதவள்தான். அதன்பிறகு செலின் அழைக்கவேயில்லை.

நான்காவது மணி ஒலித்ததும் செலின் எடுத்தாள்.

"அக்கா…"

"எண்ணெய் வந்துடுச்சு, செலின். சோதனையெல்லாம் முடிஞ்சு பிள்ளைங்களுக்குக் குடுக்க இன்னும் நாளாகும். ஆனா வந்துடுச்சு."

மறுமுனையில், வீட்டுக்குள் எங்கோ, ஒரு குழந்தை உரக்கச் சிரித்தது.

செலின் அவசரமாக நடந்தாள்.

ஒரு கதவு சாத்தப்பட்டது. சிரிப்பு அடங்கியது.

"மன்னிச்சிருங்கக்கா. சொல்லுங்க, இப்ப நல்லா கேக்குது."

இவள் கண்களை மூடிக்கொண்டாள்.

"கதவைத் திற, செலின்."