மாத்திரை உறுதிமொழி

தாம்பாளத்தில் வந்தது மாத்திரை.

வெள்ளித் தாம்பாளம். ஓரத்தில் சந்தனம், குங்குமம், கற்கண்டு. நடுவில் பட்டுத் துணிமேல் அது மட்டும் மாப்பிள்ளை மாதிரி சாய்ந்திருந்தது.

அமைச்சர் இரண்டு விரலால் அதை எடுத்து நீட்டினார்.

"வாயத் திறங்க சார்," என்றார் டாக்டர் ராஜரத்தினம், உதடு அசையாமல், சிரித்த சிரிப்பு கலையாமல். "கேமராவப் பாத்துக்கிட்டே."

அவன் திறக்கவில்லை.

மருத்துவமனையின் மறுபிறவி விழா. சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களை இங்கே நோயாளிகள் என்று சொல்லக் கூடாது. மறுபிறவியாளர்கள். ஆண்டுக்கொரு முறை எல்லோரும் கையில் மாத்திரையோடு எழுந்து நிற்பார்கள். மேடையில் ஒருவர் சிறப்பு விருந்தினர் கையால் விழுங்குவார். உடனே அரங்கமே விழுங்கும்.

'காலம் தவறேன், மாத்திரை தவறேன்.' டாக்டர் இயற்றிய உறுதிமொழி. பேனரில் உறுதிமொழியைவிட இயற்றியவர் பெயர்தான் பெரிதாக இருந்தது.

இந்த ஆண்டு மேடை அவனுக்கு.

வந்த சிறுநீரகத்தை அந்நியன் என்று உடம்பு அடித்துத் துரத்தாமலிருக்க, உடம்பின் காவலைத் தூங்கவைக்கும் மாத்திரை. பத்து வருடமாகத் தூங்கவைத்தது.

காவல் தூங்கும் வீட்டில் வேறு யாரும் நுழையலாம். அதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

வெளிச் சாப்பாடு ஆகாது என்றார்கள். கை கழுவச் சொன்னார்கள். தினமும் வாட்ஸ்ஆப்பில் காலை வணக்கத்தோடு சூரியகாந்திப் பூ அனுப்பினார்கள். புற்று என்ற சொல்லை மட்டும் அந்தக் கட்டடத்தில் எவரும் வாயால் சொன்னதில்லை. மறுபிறவிக்கு அபசகுனம் போலிருக்கிறது.

கழுத்தில் கட்டி வந்தபோது ராஜரத்தினத்திடம்தான் முதலில் காட்டினான்.

தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "கொழுப்புக் கட்டி. விழா முடியட்டும், பாத்துக்கலாம்."

மனைவி தமயந்தி கேட்கவில்லை. வேறு மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சதை எடுத்துச் சோதித்தார்கள். நேற்று முடிவு வந்தது.

நிணநீர்ப் புற்று.

"இந்த மாத்திரை போடறவங்களுக்கு வர்ற வாய்ப்பு ஜாஸ்தி," என்றாள் அங்கிருந்த இளம் டாக்டர் நிலோஃபர். "உங்களுக்குச் சொல்லலையா?"

அவன் தமயந்தியைப் பார்த்தான். அவளும் அப்போதுதான் கேள்விப்படுகிறாள்.

"நீங்க போடற ரெண்டு மாத்திரைல இத உடனே நிறுத்திடுங்க. இன்னொன்னக் குறைச்சுக்கலாம். உங்க டாக்டர்கிட்டயும் போன்ல பேசிட்டேன். சரின்னுட்டார்."

"நிறுத்தினா," என்று தமயந்தி கேட்டாள், "நான் குடுத்த கிட்னி நிக்குமா?"

"சொல்ல முடியாதும்மா."

சரி என்றவர் இன்று காலை வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு நாள்தானே சார். நாளைலேர்ந்து நிறுத்திக்கலாம். பேனர்ல படம் போட்டாச்சு." பிறகு ஆளுயர ரோஜா மாலை வந்தது. கழுத்துப் பிளாஸ்திரி தெரியாதபடி ஒருவர் அதை இழுத்து இழுத்துச் சரிசெய்தார்.

"சார், மந்திரிக்கு அடுத்த ப்ரோக்ராம் இருக்கு," என்று மேடையில் முணுமுணுத்தார் ராஜரத்தினம்.

அமைச்சரின் விரல்கள் அவன் உதட்டருகே காத்திருந்தன. பொறுமையான விரல்கள். நாடா வெட்டிப் பழகியவை.

அவன் முன்வரிசையைப் பார்த்தான். தமயந்தி தோளில் சால்வை. காலையில் அவளுக்குத் 'தியாகச் சுடர்' பட்டம் கொடுத்திருந்தார்கள். விழுங்கினால் அவள் கொடுத்தது தங்கும். விழுங்காவிட்டால், சொல்ல முடியாதும்மா.

வாய் லேசாகத் திறந்தது.

தமயந்தி எழுந்தாள்.

அழைக்காமலே மேடையேறினாள். கணவனுக்கு ஊட்டப் போகிறாள் என்று அரங்கம் கைதட்டியது. ஒலிபெருக்கிக்காரர் நாதஸ்வரமே போட்டுவிட்டார்.

அமைச்சர் விரலிலிருந்து மாத்திரையை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

"உங்களுக்குத்தாங்க கிட்னியக் குடுத்தேன்," என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "கிட்னிக்கு உங்களக் குடுக்கல."

நாதஸ்வரம் பாதியில் நின்றது.

அவன் மைக்கைத் தன் பக்கம் திருப்பினான்.

"சார், நன்றியுரை கடைசியிலதான்," என்றார் ராஜரத்தினம்.

"நீங்கல்லாம் போட்டுக்குங்க," என்றான் அரங்கத்திடம். "யாரும் நீங்களா நிறுத்திடாதீங்க. போட்டே ஆகணும்."

ராஜரத்தினம் முகத்துக்கு ரத்தம் திரும்பியது. கைதட்டவும் ஆரம்பித்துவிட்டார்.

"போட்டுட்டு ஒரு தடவ கழுத்தத் தடவிப் பாருங்க. அக்குளையும் பாருங்க. எனக்கு வந்திருக்கறது கேன்சர். வரலாம்னு தெரிஞ்ச பெரிய மனுசன் பத்து வருசமா எனக்குச் சொல்லல. உங்க யாருக்காவது சொன்னாரா?"

கைதட்டல் ஒற்றை ஆளுடையதாக இருந்தது. அதுவும் நின்றது.



மாத்திரைகள் உள்ளே போயின. தண்ணீர் பாட்டில்கள் மூடப்பட்டன.

பிறகு, ஒவ்வொன்றாக, கைகள் உயர்ந்தன. தாடைக்குக் கீழே. காதுக்குப் பின்னால். தங்கச் சங்கிலிகளை விலக்கிக்கொண்டு. அமைச்சரும், தனக்கு எதுவும் மாற்றப்படவில்லை என்பதை மறந்து, கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஒவ்வொன்றாக இறங்கின. யாரோ மூச்சு விட்டார்கள். யாரோ சிரிக்கக்கூடச் சிரித்தார்கள்.

நான்காவது வரிசையில், மஞ்சள் புடவை கட்டிய ஒரு பெண்ணின் கை மட்டும் இறங்கவில்லை.