ஜெனிவாவுக்குப் போன மனு

ஆனையூர் வீட்டு வாசலில் மஃப்டியில் வந்து நின்றவர், "ரோகிணிங்கிறது நீங்கதானம்மா? ஜெனிவாவுக்கு மனு போட்டிருந்தீங்கள்ல, அதை விசாரிக்க வந்திருக்கேன்" என்றார்.

ரோகிணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"நெசமாவே ஐ.நா.வுல படிச்சாங்களா சார்?"

"படிக்காமயா? அங்கிருந்து டெல்லி, டெல்லியில இருந்து சென்னை, அப்புறம் மதுரைன்னு வந்திருக்கு. வீட்டுக்காரரக் கூப்பிடுங்க."

லாக்கப்பில் கால் முறிந்த சூரியபிரகாஷ் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். அன்றைக்கு ரோகிணியை ஸ்டேஷனுக்குள்ளேயே விடவில்லை. என்ன நடந்தது என்று அவன்தான் சொல்ல வேண்டும்.

"உக்காருங்க தம்பி. அடிச்சது யாருன்னு அடையாளம் காட்ட முடியுமா?"

"யாரும் அடிக்கலங்கய்யா. படியில விழுந்துட்டேன்."

அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிய அவர், காபியையும் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

"உலகமே நமக்காகக் கேட்டு அனுப்பியிருக்கு. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?" என்று வெடித்தாள் ரோகிணி.

சூரியபிரகாஷ் காலி டம்ளரைப் பார்த்தான்.

"அம்புட்டு ஊரு சுத்துன மனு, கடைசியில அடிச்சவரு கையிலேயே வந்து நிக்குதுடி. நான் என்னத்தச் சொல்ல?"