இரவல் பிள்ளை

"இரவல் நகை போட்டுட்டு வந்தவளைப் பார்த்திருக்கேன். இரவல் பிள்ளையைக் கூட்டிட்டு வந்தவளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார் ஆபீசர். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். சாவடியில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

எதிரே பஞ்சம்மாள் தலைகுனிந்து நின்றாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு பொடியன் நின்றான். புருஷன் பர்மாச் சண்டையில் இருக்கிறான். பட்டாளத்துக்காரன் பிள்ளைக்கென்று சர்க்கார் மாதாமாதம் தருகிற படியில்தான் தாயும் மகனும் கஞ்சி குடிக்கிறார்கள்.

அந்தக் கஞ்சியில்தான் மாமனார் சுருளியாண்டி மண்ணை அள்ளிப் போட்டிருந்தார். மருமகள் யார் பிள்ளையையோ காட்டிப் படி வாங்குகிறாள், அதை எனக்கு மாற்றிக் கொடுங்கள் என்று கம்பத்திலிருந்து மனுப் போட்டுவிட்டார். அதை விசாரிக்கத்தான் மதராஸிலிருந்து இந்த ஆபீசர் பஞ்சம்மாளின் பிறந்த ஊரான அனுமந்தன்பட்டிக்கு வந்திருக்கிறார்.

அவர் வந்த வில்வண்டியில் வழியிலேயே ஒரு வாழைத்தார் ஏறியிருந்தது. ஏற்றிவிட்டது யார் என்று ஊருக்கே தெரியும். ஆபீசருக்கு மட்டும் தெரியாது, பாவம்!

"எம் மகன் பட்டாளத்துக்குப் போகையில இவ மடியில பிள்ளை ஏது எசமான்? ஆத்தா வீட்டுக்கு வெறுங்கையோடதேன் வந்தா" என்றார் மாமனார். கூசாமல் சொன்னார். "எனக்குப் பேரனும் கிடையாது, பேத்தியும் கிடையாது."

"கையில இல்ல, வயித்துல இருந்துச்சு" என்று பஞ்சம்மாளின் அண்ணன் மொக்கைச்சாமி முன்னால் வந்தான். "இங்கன பொறந்த பிள்ளைதேன் சாமி. ஊரையே கேட்டுப் பாருங்க."

"உங்க ஊரு உனக்குத்தானே சாட்சி சொல்லும்? இனி இவளைத் தவிர எவனாவது வாயைத் திறந்தா, விசாரணையே கிடையாது. படியை இப்பவே நிறுத்திடுவேன்."

ஊர் வாயை மூடிக்கொண்டது. தலையாரி சங்கிலிகூட வாயில் துண்டை வைத்துக்கொண்டு வாசலோரம் ஒதுங்கினான்.

ஆபீசர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "புருஷன் பேரு என்ன?"

பஞ்சம்மாள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்ல மாட்டே. சொன்னா அவன் ஆயுசு குறைஞ்சிடும், அதானே? உங்க பட்டிக்காட்டுப் பழக்கமெல்லாம் எனக்கு அத்துப்படி" என்று பெரிய மனது பண்ணினார் ஆபீசர். "அது போகட்டும். பிள்ளை பேரைச் சொல்லு."

பஞ்சம்மாள் மாமனாரைப் பார்த்தாள். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதில் மும்முரமாக இருந்தார். அவள் உதடு அசைந்தது. பேர் மட்டும் வரவில்லை.

"பெத்த பிள்ளைக்குப் பேர் தெரியாதா?"

"தெரியுஞ் சாமி."

"தெரிஞ்சா சொல்லேன்!"

அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இதற்குள் பொடியன் முந்தானையை விட்டுவிட்டு வெளியே வில்வண்டிப் பக்கம் நழுவினான். பஞ்சம்மாள் பதறிப்போய்க் கூப்பிட்டாள். "அங்கன போகாதீகய்யா! மாடு முட்டிப்புடும். இங்கன வாங்க!"

ஆபீசர் மேஜையைத் தட்டினார். "கேட்டீங்களா எல்லாரும்? பெத்த பிள்ளையை எவளாவது வாங்க போங்கன்னு கூப்பிடுவாளா? யாரோ பண்ணையார் வீட்டுப் பிள்ளை. கூலிக்காரிக்கு மரியாதை தானா வாயில வருது பாருங்க!"

தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமை தாங்கவில்லை. அவ்வளவு பெரிய மூளைக்கு அந்தப் பொடியனிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. பொடியனிடம் போய்ப் பேசுவது ஆபீசர் உத்தியோகத்துக்கு அழகா, என்ன?

மாமனார் வந்த வேலை முடிந்தது என்று எழுந்தார். வாய் நிறைய வெற்றிலைச் சாற்றுடன் துப்புவதற்கு வெளியே புளியமரத்தடிக்குப் போனார்.

"சாமி, படிய நிறுத்திப்புடாதீக" என்று பஞ்சம்மாள் தரையில் விழுந்தாள். "பட்டினி கிடந்து எனக்குப் பழக்கம். அந்தச் சின்ன உசுருக்கு அதுதேன் சோறு."

"சோறு வேணும்னா அதைப் பெத்தவகிட்டப் போய்க் கேட்கச் சொல்லு" என்றார் ஆபீசர். இந்த வார்த்தையைச் சொல்ல அவருக்குச் சம்பளம் வேறு. "மாமனாருக்கே படியை மாத்தறேன். தலையாரி, மனு கொடுத்தவரைக் கூப்பிடு. உத்தரவைக் கேட்டுட்டுப் போகட்டும்."

சங்கிலி வாயிலிருந்து துண்டை எடுத்தான். வாசலில் நின்று, கோர்ட்டுக் கச்சேரியில் கூப்பிடுகிற தோரணையில், ஊரே அதிரக் கூவினான்.

"சுருளியாண்டி! சுருளியாண்டி! சுருளியாண்டி!"

புளியமரத்தடியில் கிழவர் வெற்றிலையைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், இதோ வருகிறேன் என்று கையை ஆட்டினார். அவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடப்பதற்குள், வில்வண்டிப் பக்கமிருந்து பொடியன் ஓடி வந்தான். ஆபீசரின் மேஜைக்கு முன்னால் மூச்சு வாங்க வந்து நின்றான்.

"உன்னை யாருடா கூப்பிட்டது?" என்று சீறினார் ஆபீசர்.

பொடியன் தலையாரியைக் கைகாட்டினான்.

"அவுகதேன் கூப்பிட்டாக. நாந்தேன சுருளியாண்டி!"