ரோடு எப்படி இருக்கும்?

சைக்கிள் கடையில் புத்தம்புது ரேஸ் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரேஸ் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். புதுசுக்கு ஆவல் தாங்கவில்லை.

"அண்ணே, ரோடு எப்படி இருக்கும்? மேடு ஏறினா மூச்சு வாங்குமா?"

"தெரியாதுப்பா."

"மழையில வழுக்குமா?"

"அதுவும் தெரியாது. என்னை வாங்கின மனுஷன் ஒரு ஞாயித்துக்கிழமை தெருமுனை டீக்கடை வரைக்கும் ஓட்டினார். அப்புறம் படுக்கையறை மூலையிலதான் நின்னேன். ஹேண்டில்பார்ல துண்டு காயப்போட்டாங்க."

புதுசுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் முன்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

அப்போது மாதங்கி என்ற பெண் சைக்கிள் வாங்க வந்தாள். கடைக்காரர் பழையதைக் காட்டினார்.

"இப்பத்தானே ஓட்டப் பழகப் போறீங்க, இதுவே போதும்மா. ஒரு கீறல்கூட இல்ல, பாருங்க."

"வேணாங்க. புதுசா வாங்கினாத்தான் தினமும் ஓட்டணும்னு தோணும்."

பழையது மெல்லச் சொன்னது: "அந்த மனுஷனும் இதையேதான் சொன்னார்."

மாதங்கி புதுசை உருட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசலைத் தாண்டும்போது அது அவசரமாகக் கேட்டது:

"அண்ணே, ஈரத் துண்டு ரொம்பக் கனக்குமா?"