உள்ளே ஒருத்தர்

"பால் பல்தானே டாக்டர், எப்படியும் விழத்தானே போகுது? ஏழு வயசுப் புள்ளைக்கு எக்ஸ்ரே எதுக்கு?"

அவன் விடுவதாக இல்லை. கைப்பேசியில் நாலு வீடியோ பார்த்துவிட்டுப் பாதி டாக்டராகவே வந்திருந்தான்.

டாக்டரம்மாள் பொறுமைசாலி.

"வெளிய தெரியறது பாதிதான் சார். ஈறுக்கு அடியில புதுப் பல்லு இருக்கு. சீழ் அதுவரைக்கும் போயிருக்கான்னு படம் எடுத்தாதான் தெரியும். கதிர் ரொம்பக் கொஞ்சம்தான்."

மகள் ஆதிரையின் வலது கன்னம் பன் போல வீங்கியிருந்தது.

"எடுத்துடலாங்க. புள்ள சாப்பிட்டே மூணு நாளாச்சு" என்றாள் சுகந்தி. அவன் மனைவி. காலையிலிருந்து எக்ஸ்ரே எக்ஸ்ரே என்று குதித்தவள் அவள்தான்.

அவன் அரை மனதாகத் தலையாட்டினான்.

"குழந்தை அசையக் கூடாது. யாராவது ஒருத்தர் உள்ள வந்து பிடிச்சுக்கணும்."

டாக்டரம்மாள் கனத்த ஈய அங்கியைச் சுகந்தியிடம் நீட்டினாள். ஊசியோ காய்ச்சலோ, ஆதிரைக்கு அம்மா மடிதான்.

சுகந்தி கையை இழுத்துக்கொண்டாள்.

"நீங்க போங்க."

"நானா? இது நல்ல கூத்தா இருக்கே! உன்னை விட்டு அவ யார்கிட்ட இருந்திருக்கா?"

அவள் எக்ஸ்ரே அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனும் பார்த்தான்.

'கர்ப்பிணிகள் உள்ளே வரக் கூடாது.'

போன வருடம் தெரிந்த அன்றே தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தவன் அவன். அடுத்த மாதமே கலைந்துபோனது. இனிமேல் மூணு மாசம் முடியிற வரைக்கும் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று அப்போதே அவள் சொல்லியிருந்தாள்.

அந்த 'யாரிடமும்' என்பதில் தானும் அடக்கம் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

வலித்தது. சந்தோஷமாகவும் இருந்தது. பயம் அதைவிட அதிகமாக இருந்தது.

ஒன்றும் கேட்காமல் அங்கியை வாங்கி மாட்டிக்கொண்டான். மகளைத் தூக்கிக்கொண்டு கதவு வரை போனவன் திரும்பி நின்றான்.

"சுகந்தி, அங்க உக்காராத. வெளிய வாசப் பக்கம் போயிரு."

"அங்க இருந்தா ஒண்ணும் ஆகாது சார்" என்றாள் டாக்டரம்மாள்.

"இருக்கட்டும் டாக்டர்."

எதற்கெடுத்தாலும் ஏட்டிக்குப் போட்டி பேசுகிறவள் சுகந்தி. அன்று ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வெளியே போனாள்.